எட்டு அங்குலத்தில் சேரும் வெளிச்சம்

நவம்பர் மாதத்து இரவு ஏழரை மணி வாக்கில் ஹைதராபாத்தின் தெற்கு வானில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 52 பாகை உயரத்தில், முழு நிலவைவிடச் சற்றே சிறிய ஒரு வளையம் நிற்கிறது. உட்புறம் நீலம் கலந்த பச்சை, ஓரமெல்லாம் சிவப்பு. நம் சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் ஆயுளின் கடைசியில் உதறிவிட்ட வாயுப் போர்வை அது. கும்ப ராசியின் திசையில், சுமார் 650 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஹெலிக்ஸ் நெபுலா என்று பெயர். அந்த நேரத்தில் பேகம்பேட்டை மேம்பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கானோரின் தலைக்கு மேலே அது இருக்கிறது. ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

நான் அதை முதலில் பார்த்தது செகந்திராபாத்தில், நண்பர் ஒருவரின் மொட்டை மாடியில், அவருடைய மடிக்கணினித் திரையில். ஐந்து நிமிடம் திறந்திருந்த கேமரா அனுப்பிய முதல் படத்தில் புள்ளி புள்ளியாக விண்மீன்கள், நடுவே துடைக்காத கண்ணாடியில் படிந்த மூச்சுக்காற்றைப் போல ஒரு மங்கல். அவ்வளவுதான். பத்தாவது படம் சேர்ந்தபோது அந்த மங்கலுக்கு ஓர் ஓரம் கிடைத்தது. முப்பதாவது படத்தில் வளையத்தின் உள்விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நீளும் மெல்லிய கீற்றுகள் தெரிந்தன. இடையில் யாரும் எதையும் கூர்மையாக்கவில்லை, பெரிதாக்கவும் இல்லை. நேரம் கழிந்தது, அவ்வளவே. ஆழ்வானப் பொருள்களைப் படமெடுக்கும் கலையில் காலம்தான் முதன்மையான கருவி என்பதை அன்றிரவு கண்ணால் கண்டேன்.

தொலைநோக்கி என்றதும் நம் மனதில் வருவது உருப்பெருக்கம். நெபுலாக்களுக்கும் விண்மீன் மண்டலங்களுக்கும் அது பெரிய விஷயமே இல்லை. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் வானில் ஏறக்குறைய 3 பாகை நீளம் படுத்திருக்கிறது. ஆறு முழு நிலவுகளை வரிசையாக வைத்தால் வரும் நீளம். அது தெரியாமல் போவதற்குக் காரணம் சிறுமை இல்லை. அதன் வெளிச்சம் அத்தனை அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் இருப்பது மிகச் சொற்பம்.

அந்தச் சொற்பத்தைச் சேர்த்துவைக்க நம் கண்ணுக்குத் தெரியாது. வந்த வெளிச்சத்தை வந்தவுடன் செலவழித்துவிடும் உறுப்பு அது. சுமார் பத்தில் ஒரு வினாடிக்குள் விழுந்த ஒளியை வைத்து ஒரு காட்சியை மூளைக்குச் சொல்லிவிட்டு, அடுத்ததை எடுக்கப் போய்விடும். ஓடுகிற பாம்பையும் பறந்து வரும் பந்தையும் பார்க்க அதுதான் தேவை. கேமராவின் சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் ஓர் உண்டியல். ஒளித்துகள் ஒன்று விழுந்தால் ஓர் எலக்ட்ரான் சேரும். திறந்து எண்ணும்வரை சேர்ந்துகொண்டே இருக்கும். தொலைநோக்கியின் வேலை அந்த உண்டியலுக்கு அகலமான வாய் வைத்துக்கொடுப்பது. இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியின் குறுக்களவு 7 மில்லிமீட்டர். வீட்டு மாடிகளில் அதிகம் காணப்படும், நண்பரும் வைத்திருக்கும் எட்டு அங்குலத் தொலைநோக்கியின் ஆடி 203 மில்லிமீட்டர். பரப்பில் கண்ணைப்போல் 840 மடங்கு. இந்த எட்டு அங்குலம் என்ற அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்துக்கும் அதற்கும் நூறாண்டுத் தொடர்பு உண்டு.

உண்டியலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, அது வானத்தோடு சேர்ந்து நகரவும் வேண்டும். பூமி சுழல்வதால் வானம் வினாடிக்கு 15 வில்விநாடி வீதம் நழுவுகிறது. ஒரு மீட்டர் குவியத்தூரம் உள்ள தொலைநோக்கியில், இன்றைய கேமராவின் பிக்சல் கணக்கில், ஒரே வினாடியில் விண்மீன் ஏறத்தாழ 20 பிக்சல் தள்ளிப் போய்விடும். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் புள்ளிக்குப் பதில் கோடுதான் மிஞ்சும். எனவே தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட்டின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தி, 23 மணி 56 நிமிடம் 4 வினாடிக்கு ஒரு சுற்று என்ற கதியில் மோட்டார் கொண்டு திருப்புகிறார்கள். பக்கத்திலேயே பொருத்திய இன்னொரு சிறு கேமரா ஒரு விண்மீனை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அது இம்மி பிசகினாலும் மோட்டாருக்குத் திருத்தம் போகும்.

அச்சை இணையாக்க வழிகாட்டி துருவ நட்சத்திரம். இங்கேதான் தென்னிந்தியாவுக்கே உரிய சங்கடம் வருகிறது. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அந்த ஊரில் துருவ நட்சத்திரம் நிற்கும். லண்டனில் 51 பாகை; ஹைதராபாத்தில் 17; சென்னையில் 13; கொடைக்கானலில் வெறும் 10. நண்பரின் மாடியில் பக்கத்து அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டி அதை மறைத்துவிடுகிறது. மாடியின் ஒரு மூலைக்குப் போனால் மட்டும் தொட்டிக்கும் லிஃப்ட் அறைக்கும் நடுவே எட்டிப் பார்க்கிறது. அந்த மூலையில் தரையில் பெயிண்டால் மூன்று வட்டங்கள் போட்டு வைத்திருக்கிறார், முக்காலியின் கால்களுக்கு. வட நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட மவுண்ட்களின் அச்சை இத்தனை தாழ்வாகச் சாய்க்கும்போது எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிப்பதும் உண்டு. ஆனால் பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதற்கு ஒரு கொடையும் இருக்கிறது. பெரும்பாலான ஐரோப்பியர்களின் அடிவானத்துக்கு மேல் வராத ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து நமக்கு ஹைதராபாத்திலேயே 25 பாகை உயரம் ஏறுகிறது. தமிழ்நாட்டில் இன்னும் உயரம்.

தொலைநோக்கியில் கேமரா வைத்து வாயுமேகங்களைப் பிடிக்கும் முயற்சி 1880இல் தொடங்கியது. நியூயார்க் அருகே ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று 51 நிமிடம் காத்திருந்து ஓரியன் நெபுலாவைக் கண்ணாடித் தகட்டில் பதித்தார். மார்கழியில் நாம் திருவாதிரை என்று பார்க்கிற செந்நிற விண்மீன் இருக்கிறதே, அதே ஓரியன் கூட்டத்தில் இடைவாருக்குக் கீழே தொங்கும் வாளில் இருப்பது இந்த நெபுலா. மூன்றாண்டு கழித்து, 1883இல், ஆண்ட்ரூ காமன் என்ற பொறியாளர் லண்டனை ஒட்டிய ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த 36 அங்குலத் தொலைநோக்கியால் அதையே எடுத்தார். அந்தத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தாலும் தெரியாத விண்மீன்கள் அவருடைய தகட்டில் இருந்தன. மனிதக் கண்ணைத் தகடு தாண்டிப்போனது ஒரு வீட்டுத் தோட்டத்தில் என்பது எனக்கு மிகப் பிடித்த சேதி.

ஹைதராபாத்தின் கதையும் ஒருவரின் வீட்டு வளாகத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் படித்தவரும் நிஜாமின் அரசில் அமைச்சராக இருந்தவருமான நவாப் ஜஃபர் ஜங், டப்ளினின் கிரப் நிறுவனம் செய்த 15 அங்குலத் தொலைநோக்கியைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். 1901இல் பிஸல் பண்டாவில் இருந்த தம் வளாகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, நிஜாமின் அனுமதியோடு அதற்கு நிஜாமியா என்று பெயர் வைத்தார். கூடவே எட்டு அங்குல வில்லை கொண்ட படமெடுக்கும் தொலைநோக்கி ஒன்று. இங்கிலாந்தின் குக் நிறுவனம் செய்தது. 1907இல் அவர் இறந்தபின் 1908இல் நிஜாமின் அரசு கருவிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆய்வுக்கூடம் பேகம்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. முதல் இயக்குநர் ஆர்தர் சாட்வுட்.

உலகத்து ஆய்வுக்கூடங்கள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1882இன் பெரிய வால்மீனை நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில் படமெடுத்தபோது, வால்மீனைச் சுற்றி விண்மீன்கள் கணக்கில்லாமல் பதிந்திருப்பதைக் கண்டார். அப்படியானால் வானம் முழுவதையும் தகடுகளில் பதித்துவிடலாமே என்ற எண்ணம் பிறந்தது. பாரிஸ் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் எர்னஸ்ட் மூஷே கூட்டிய 1887 மாநாட்டில் அது திட்டமாயிற்று. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்துக்கும் வானத்தில் ஒரு பட்டை ஒதுக்கப்பட்டது. சிலியின் சாந்தியாகோவுக்குக் கொடுத்திருந்த பட்டையை அவர்களால் முடிக்க இயலவில்லை. பூமத்தியரேகைக்கு நேர்மேலே வானில் ஓடும் வான நடுவரைக்குத் தெற்கே 17 பாகை முதல் 23 பாகை வரையிலான அந்தப் பட்டையை ஹைதராபாத் ஏற்றுக்கொண்டது. பிறகு ஜெர்மனியின் போட்ஸ்டாம் விட்டுவிட்ட வடக்கு 36 முதல் 39 பாகை வரையிலான பட்டையையும் எடுத்துக்கொண்டது. சாட்வுட்டுக்கு அடுத்து ராபர்ட் போகாக் இயக்குநராக இருந்து 1918இல் மறைய, பொறுப்பு டி. பி. பாஸ்கரனுக்கு வந்தது. இந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநர் அவர். 1944 வரை இருந்தார். 1919இல் ஆய்வுக்கூடம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது.

அந்தப் பணியின் அளவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்று சிறு கேமராவும் மென்பொருளும் செய்யும் திருத்தத்தை அன்று ஒரு மனிதர் செய்தார். துணைத் தொலைநோக்கியின் குறுக்கிழையில் ஒரு விண்மீனை நிறுத்தி, அது நழுவாதபடி கையால் சரிசெய்துகொண்டே இருந்தார். அன்றைய தகட்டில் விழுந்த நூறு ஒளித்துகள்களில் ஒன்று பதிந்தாலே அதிகம். இன்றைய சென்சார் எண்பதுக்கு மேல் பிடிக்கிறது. தகட்டைக் கழுவி உலர்த்திய பின், நுண்ணோக்கியில் கண் வைத்து ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் இரு திசையிலும் அளந்து எழுதினார்கள். கணினி கிடையாது. இப்படி ஒன்றிரண்டு அல்ல, லட்சக்கணக்கான விண்மீன்கள். ஹைதராபாத் அட்டவணைகள் 1917 முதல் 1946 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தன. இடையில் ஓர் உலகப்போர் முடிந்து இன்னொன்றும் வந்து போயிற்று.

அந்த வளாகத்தில் வளர்ந்த பிள்ளை ஒருவர் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த மலபார்க்காரர் ஒருவரின் மகன். 1927இல் சென்னையில் பிறந்து, ஹைதராபாத்தின் நிஜாம் கல்லூரியில் படித்த வைணு பாப்பு. ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டுக்குப் போன அவர், போன அதே 1949இல், தாம் எடுத்த வானப் படத்தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். பாப்பு–பாக்–நியூகர்க் வால்மீன். திரும்பி வந்து கொடைக்கானல் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமையேற்று, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடத்தை எழுப்பியவரும் அவர்தான். ஆலங்காயம் வழியாக மலை ஏறுகிறவர்கள் காணும் அந்த வெள்ளைக் குவிமாடத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காவலூரின் வேரில் ஒரு பகுதி பேகம்பேட்டையில் இருக்கிறது.

நகரம் வளர, பேகம்பேட்டையின் வானம் வெளுத்தது. 1960களின் இறுதியில் உஸ்மானியா பல்கலைக்கழகம் தன் 48 அங்குலத் தொலைநோக்கியை நகருக்கு வெளியே ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், ரங்காபூரில் நிறுவியது. பேகம்பேட்டை வளாகத்தில் இன்று பொருளாதார, சமூக ஆய்வு மையம் இயங்குகிறது. முகவரியில் மட்டும் நிஜாமியா ஆய்வுக்கூட வளாகம் என்ற பெயர் தொடர்கிறது.

விஞ்ஞானிகள் விட்டுப்போன அந்த வெளுத்த வானத்தின் கீழ்தான் நண்பர் படமெடுக்கிறார். எப்படி முடிகிறது?

உண்டியல் கணக்கில் சொன்னால், நெபுலாவிலிருந்து ஒரு காசு விழுவதற்குள் நகரத்தின் விளக்குகளிலிருந்து நூறு காசு விழுந்துவிடுகிறது. சராசரியாக எத்தனை நகரக் காசு விழும் என்று தெரிந்தால் கழித்துவிடலாமே என்று தோன்றும். கழிக்கலாம், கழிக்கவும் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் காசுகள் சீராக விழுவதில்லை. ஒரு முறை 95, ஒரு முறை 108. அந்த ஏற்ற இறக்கத்தில் நெபுலாவின் ஒரு காசு காணாமல் போய்விடும். பல முறை எண்ணிச் சராசரி எடுத்தால்தான் அது வெளியே வரும். கோயம்பேடு சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் மெல்லிய குரலில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார் என்று வையுங்கள். நூறு தடவை பதிவுசெய்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால், இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும், பாட்டு நிற்கும். இதைத்தான் ஸ்டாக்கிங் என்கிறார்கள். கணக்கு கறாரானது: நான்கு படம் அடுக்கினால் தெளிவு இரண்டு மடங்கு, நூறு படத்துக்குப் பத்து மடங்கு, இருபது மடங்கு வேண்டுமென்றால் நானூறு. ஒரே பொருளுக்காக ஐந்தாறு இரவுகள் செலவிடுவது இந்தக் கணக்கினால்தான்.

சென்சாரும் தன் பங்குக்கு இரைச்சல் போடும். சூட்டினால் அதற்குள் எலக்ட்ரான்கள் தாமாகவே கிளம்பும். ஆறேழு டிகிரி சூடு கூடினால் அது இரண்டு மடங்காகும். ஹைதராபாத்தின் ஏப்ரல் இரவில் மாடித் தரையே அடுப்பாக இருக்கும். அதனால் வெளிச் சூட்டைவிட முப்பது டிகிரிக்கு மேல் குளிர்விக்கும் ஏற்பாடு உள்ள கேமராக்களை வாங்குகிறார்கள். மூடியைப் போட்டு அதே நேரம், அதே குளிரில் இருட்டுப் படங்களும் எடுத்து, மிச்சச் சூட்டின் தடத்தைக் கழிக்கிறார்கள்.

ஆனாலும் நகரத்தை வெல்ல உதவும் பெரிய துணை ஃபில்டர்தான். நெபுலா எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் சிவப்பில் ஒளிரும்; இரு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர் நீலப்பச்சையில். அந்த அலைநீளத்தைச் சுற்றி மூன்று நானோமீட்டர் மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டால், நெபுலாவின் ஒளி ஏறக்குறைய முழுதாக வரும், பார்வை நிறமாலை முழுவதும் பரவிய நகர வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் வரும். பழைய மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்த காலம் ஒரு வகையில் எளிது. அவற்றின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டி இருந்ததால் தடுப்பது சுலபம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் கொட்டுகிறது. விண்மீன் மண்டலங்களுக்கு இந்த ஃபில்டர் உதவாது. அவற்றின் ஒளி கோடானுகோடி விண்மீன்களின் ஒளி, எல்லா நிறமும் கலந்தது. 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து வரும் ஆண்ட்ரோமீடாவின் ஒளியை நல்லபடியாகச் சேர்க்க வேண்டுமானால் நகரத்தை விட்டு வெளியேற வேண்டும். உஸ்மானியா பல்கலைக்கழகம் அன்று செய்ததை, காரின் பின்னிருக்கையில் தொலைநோக்கியைப் படுக்கவைத்து, இவர்கள் மாதம் ஒருமுறை அமாவாசையை ஒட்டிச் செய்கிறார்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பால்வீதியின் நடுப்பகுதி தலைக்கு மேல் வரும் மாதங்களே மேகத்துக்குப் போய்விடுகின்றன. பதிலாக, சென்னை வடகிழக்குப் பருவமழையில் நனையும் நவம்பரில் தக்காணத்து வானம் பெரும்பாலும் திறந்திருக்கும்.

ஒரு நாள் மாடிக்கு வந்த கீழ்வீட்டுச் சிறுமி திரையைப் பார்த்துவிட்டு, “அங்கிள், இது நிஜக் கலரா?” என்று கேட்டாள். எல்லோருக்கும் வரும் கேள்விதான், நியாயமான கேள்வியும்கூட. மங்கலான ஒளியில் நம் விழித்திரையின் நிறம் காணும் செல்கள் வேலை செய்யாது. கறுப்பு வெள்ளைச் செல்கள் மட்டுமே விழித்திருக்கும். ஹெலிக்ஸை மிகப் பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தாலும் சாம்பல் நிறமாகவே தெரியும். ஹைட்ரஜனின் சிவப்பு உண்மையில் சிவப்பு, ஆக்சிஜனின் நீலப்பச்சை உண்மையில் நீலப்பச்சை; அந்த ஒளி நம்மைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, உணரும் அளவுக்குக் கண் பத்தாது. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று மாற்றிக் கொடுக்கும் முறையும் உண்டு. ஹப்பிள் படங்களால் பழகிய அந்தத் தங்கமும் நீலமும் வரைபடத்தில் மாநிலங்களுக்கு நிறம் தீட்டுவது போன்றது; எது எங்கே என்று காட்டும். எடுத்தவர் எதைச் செய்திருக்கிறார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதை மறைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதெல்லாம் அழகுக்காக மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு ஆண்ட்ரோமீடாவே பதில் சொல்லும். மனிதர் மிக அதிகமாகப் படமெடுத்த விண்மீன் மண்டலங்களில் ஒன்று அது. யான் சாண்டி, சேவியர் ஸ்ட்ரோட்னர், மார்செல் ட்ரெக்ஸ்லர் என்ற மூன்று ஆர்வலர்கள் 106 மில்லிமீட்டர் தொலைநோக்கியில், அதாவது நண்பருடையதில் பாதியளவில், ஆக்சிஜன் ஃபில்டரையும் பயன்படுத்தி மொத்தம் 100 மணி நேரத்துக்கும் மேல் ஒளி சேர்த்தார்கள். அதன் அருகே மாபெரும் நீல வில் ஒன்று தோன்றியது. எந்தப் பெரிய ஆய்வுக்கூடமும் அதுவரை காணாதது. 2023 ஜனவரியில் தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து வெளியிட்டார்கள். அங்கே கருவி சிறியது, சேர்த்த நேரம் பெரியது.

பேகம்பேட்டையின் நேரமும் வீணாகவில்லை. விண்மீன்கள் அசைகின்றன, ஆனால் மிக மெதுவாக. அந்த அசைவை அளக்க ஒரே வழி, பழைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒப்பிடுவது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை புதிய இடங்களை அளந்தது. பழைய இடங்களுக்கு, பாரிஸ் மாநாட்டில் பிறந்த அந்தத் தகடுகளின் அளவீடுகளை அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் கணினியில் ஏற்றிச் செப்பனிட்டது. மொத்தம் 46 லட்சம் விண்மீன்கள். இரண்டையும், வேறு பல பழைய அட்டவணைகளையும் சேர்த்து 2000இல் டைகோ-2 அட்டவணை வந்தது. 25 லட்சம் விண்மீன்களின் இடமும் அசைவும் அதில் உள்ளன.

இன்று மாடியில் தொலைநோக்கியை ஒரு பொருள்மீது திருப்பும்போது கண்ணால் தேடுவதில்லை. கேமரா சில வினாடிப் படம் ஒன்றை எடுக்கும். மென்பொருள் அதிலுள்ள விண்மீன் கோலத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு, எங்கே பார்க்கிறோம் என்று சொல்லும். தகட்டுக் காலம் போன பின்னும் இதற்குப் ‘பிளேட் சால்விங்’ என்றுதான் பெயர். இதற்கு உலகெங்கும் புழங்கும் மென்பொருள்களில் ஒன்றான அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட், அகன்ற படங்களுக்கு டைகோ-2இலிருந்து செய்த கோப்புகளைப் பயன்படுத்துகிறது. நண்பர் வைத்திருப்பதும் அதே.

ஹெலிக்ஸ் நெபுலா வான நடுவரைக்குத் தெற்கே 20.8 பாகையில் இருக்கிறது. பேகம்பேட்டையின் எட்டு அங்குல வில்லை பதித்த பட்டைக்குள்ளே.